கடுகு படாத சட்டி

தக்காளியை இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் சேனாபதி. சதையும் சாறும் கிண்ணத்தில் இறங்க, தோல் மட்டும் கடைசியில் அவர் உள்ளங்கையில் தங்கிவிடுகிறது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். எங்கேயாவது கொஞ்சம் சதை ஒட்டியிருந்தால் இன்னொரு தேய்ப்பு. அடுப்பில், அகலமான சட்டியில், ஆலிவ் எண்ணெயில் வெங்காயம் மெல்ல வதங்கிக்கொண்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்துச் சட்டிக்குள் அடிக்கிறார். நேரம் காலை பத்து. ஜூன் மாத டெக்ஸஸ் வெயில் சமையலறை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மனிதருக்குத் திருப்தி.

"ஓரமெல்லாம் இன்னும் வெள்ளையா நிக்குதுங்க," என்கிறார் என்னிடம். "சித்தெ பொறுங்க வெங்கட்டு. வெங்காயத்தை மட்டும் அவசரப்படுத்தவே கூடாது."

நான் அவசரப்படுத்தவில்லை. கார் பேட்டரிக்காக இரவல் வாங்கிப்போன ஜம்பர் கேபிளைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், வழக்கம்போல அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலி. சனிக்கிழமை காலை என்றால் வேலியைத் தாண்டி வரும் வாசனை இதுதான். ஸ்பெயின் தேசத்துக் காய்கறிக் கலவை. பிஸ்தோ என்று பெயர்.

வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், சிவப்புக் குடைமிளகாய், கத்திரிக்காய், வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினி, தக்காளி. எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். ஒன்று பதமாக வதங்கிய பிறகுதான் அடுத்தது சட்டிக்குள் இறங்கும். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. உப்பு உண்டு, தக்காளியின் புளிப்பை அடக்க ஒரு சிட்டிகை சர்க்கரை உண்டு, சாப்பிடும்போது மேலே ஒரு பொரித்த முட்டை உண்டு. மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம், கடுகு என்று நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் எதுவும் இந்தச் சட்டியின் பக்கம் தலை காட்டக் கூடாது. நான் தஞ்சாவூர்க்காரன். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ கூட்டு செய்ய ஆரம்பித்துவிட்டு, நடுவில் ஃபோன் வந்து எழுந்து போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். இதை அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினார்.

அடுப்பின் பின்வரிசையில் ஒரு தாளிப்புக் கரண்டி, கழுவித் துடைத்து, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேனாபதிக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஆள் உயரம், குரல் அதற்கு எதிர்மாறாகச் சின்னது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கும் பெரிய பெரிய கலன்களை வெல்டிங் செய்து பற்றவைத்த இடங்களில் கீறல், ஓட்டை, காற்றுக்குமிழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கலனுக்குள்ளேயே இறங்கி, டார்ச் அடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாராம். அந்த டார்ச் வேலை முடிந்த பிறகும் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. என் காரின் பேட்டரிக்குள், பிள்ளைகளின் தொண்டைக்குள், ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் வாங்கப்போகும் முருங்கைக்காயின் முறிந்த முனைக்குள் என்று எதிலும் அடித்துப் பார்த்துவிடுவார். கேட்டி ஃப்ரீவேயில் வலது ஓரத்தில் எல்லோரும் ஹார்ன் அடிக்க அடிக்க நிதானமாகப் போகும் பழைய ப்ரவுன் காரை நீங்கள் பார்த்திருந்தால், அது இவருடையதுதான்.

இந்தப் பிஸ்தோ அவர் கைக்கு வந்த கதை தனி. தொண்ணூற்றிரண்டில் கம்பெனி அவரை ஒரு வருட வேலையாக ஸ்பெயினுக்கு அனுப்பியது. புவெர்த்தோயானோ என்று ஒரு ஊர். சுத்திகரிப்பு ஆலையும் நிலக்கரியும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை என்பார். மனைவியும் மகளும் ஈரோட்டில். இவரோ கறி விட்டவர். மகள் பிறக்க வேண்டும் என்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டு விட்டது. பிள்ளை பிறந்துவிட்டது, எப்போது திரும்பச் சாப்பிட ஆரம்பிக்கலாம் என்பதில்தான் சிக்கல்.

"எத்தனை வருசத்துக்குன்னு சாமிகிட்டச் சொல்லாம விட்டுட்டனுங்க. அப்புறம் போய் எப்படிக் கேக்கறது? சரி, இப்படியே இருந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

முட்டை இந்தக் கணக்கில் வராது என்று மட்டும் முருகனிடம் எப்படியோ பேசி முடித்துக்கொண்டார்.

அவர் தங்கியிருந்த விடுதியை நடத்தியவர் என்கார்னா என்ற அம்மாள். முதல் வாரம் அவர் கொண்டுவந்து வைத்த அவரைக்கொட்டைக் குழம்பில் பன்றித் தொடை பொடிப்பொடியாக மிதந்தது. கறி வேண்டாம் என்று சைகையில் சொன்னால், இதில் கறி எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாராம். இவர் ரொட்டியும் வாழைப்பழமுமாக நாட்களைத் தள்ளினார். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. அதைக் கவனித்துவிட்ட என்கார்னா, மறுநாள் சட்டியோடு வந்து, ஒவ்வொரு காயாகக் கரண்டியில் எடுத்துக் காட்டி, பெயர் சொல்லி, அதன் பிறகு தட்டில் போட்டார். அன்றைக்குச் சாப்பிட்டதைப் பற்றிச் சொல்லும்போது சேனாபதியின் சின்னக் குரல் இன்னும் சின்னதாகிவிடும்.

"சோறு போட்ட கையிங்க அது. ஒரு வருசம் என்னை உசுரோட வெச்சிருந்த சட்டி. அதுல போய் நான் கடுகு போட்டா நல்லாவா இருக்கும்?"

இதுதான் அவர் பிடிவாதத்துக்குக் காரணம். அந்தச் சட்டியைப் பொறுத்தவரை அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

கேட்கும்படி சொல்லிப் பார்த்தவர் ஒருவர் உண்டு, அவர் மனைவி ருக்மிணி. ஈரோட்டுக்குப் பக்கத்தில் பள்ளிபாளையம். அந்த ஊர்ச் சமையலைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதையைக் கொட்டிவிட்டு, மசாலாவாக அல்ல, காயாகவே போட்டுச் சமைக்கிறவர்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த பெண்ணுக்கு இப்படி ஒரு சட்டி வாய்த்தது.

கேட்டிக்கு வந்த புதிதில், முதல் சனிக்கிழமை, சேனாபதி காயெல்லாம் வதக்கி, தீயைக் குறைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். ருக்மிணி அக்கா எட்டிப் பார்த்திருக்கிறார். எண்ணெயில் காய் கிடக்கிறது, தண்ணீரே இல்லை. ஐயோ, மனிதர் மறந்துவிட்டார், அடிப்பிடிக்கப் போகிறது என்று, அத்தனையையும் குக்கரில் கொட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மூடி, விசில் போட்டுவிட்டார். உதவி செய்த திருப்தியோடு துணி மடிக்கவும் போய்விட்டார். சேனாபதி குளியலறையிலிருந்து விசில் சத்தம் கேட்டு, இடுப்புத் துண்டோடு ஓடி வந்திருக்கிறார். அக்கா இன்றைக்கும் அதை நடித்துக் காட்டுவார். "அந்த மூஞ்சியப் பாக்கணுமே தம்பி! நான் என்னமோ ஆளையே குக்கர்ல போட்ட மாதிரி நின்னாரு!" குக்கரைத் திறந்தபோது உள்ளே இருந்தது சிவப்பாக ஒரு கஞ்சி. அன்று இருவரும் ஆளுக்கொரு மூலையில் தயிர்சோறு சாப்பிட்டார்கள்.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. சட்டி அவருடையது, அதில் அக்கா கை வைக்கக் கூடாது. அக்காவின் கிண்ணம் அக்காவுடையது, அதில் அவர் வாய் திறக்கக் கூடாது. சனிக்கிழமை மதியம் அக்கா தன் பங்கைக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்வார். தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காயும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கை கொள்ளும் அளவுக்குக் கிள்ளிய காய்ந்த மிளகாய். கடுகு வெடிக்க ஆரம்பித்த நொடி, சேனாபதி எங்கிருந்தாலும் வந்து இரண்டு கையாலும் மூடியை எடுத்துத் தன் சட்டியை மூடுவார். ஒரு கடுகு தெறித்துப்போய் அதற்குள் விழுந்துவிட்டால் என்ன ஆவது? மிளகாய்க் கமறலில் ஸ்மோக் அலாரம் அலறும். அவரே ஸ்டூலில் ஏறி, நியூஸ்பேப்பரை மடித்து அதற்கு விசிறுவார். கீழே அக்கா, கண்ணில் நீர் வர, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மகள் பிரீத்திக்கு இதெல்லாம் பழகிவிட்டது. காதில் ஹெட்ஃபோனோடு தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அந்தக் கறிவேப்பிலைக்கான செடி வளர்வது எதில் தெரியுமா? காலியான ஆலிவ் எண்ணெய்த் தகர டின்னில். கொல்லைக் கதவோரம் வெயிலில் நிற்கும், குளிர்காலத்தில் கராஜுக்குள் குடியேறும். எண்ணெய் அவருடையது, இலை அக்காவுடையது. இருவரும் சேர்ந்து செய்த ஒரே விஷயம் அந்தச் செடி என்று நான் கேலி செய்வேன்.

ஒரு பொங்கல் விழாவுக்குச் சேனாபதி இந்தப் பிஸ்தோவைப் பெரிய அலுமினியத் தட்டு நிறையச் செய்துகொண்டு வந்தார். அவியலுக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவில் இடம் கிடைத்தது. மக்கள் ஆசையாகச் சோற்றில் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஊறுகாய் பாட்டிலைத் தேடிப் போனார்கள். ஒரு மாமி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "காரம் போட மறந்துட்டார் போல இருக்கு, பாவம், ஆம்பளை சமையல்தானே," என்று ஆறுதல் சொன்னார். அக்கா வீட்டில் அந்தச் சட்டியைப் பேசாத பேச்சில்லை. ஆனால் அன்று அந்த மாமியிடம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மறக்கலீங்க. அது அப்படித்தான். தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த ருசி தெரியும்."

எனக்கு அக்காவை அன்றைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

போன வருடம் செப்டம்பரில் அக்காவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும், சூடு பிடித்திருக்கும் என்று மணத்தக்காளிக் கீரை கிடைக்குமா என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சேனாபதி, "எங்க, ஆ காட்டு," என்று டார்ச்சை எடுத்திருக்கிறார். பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்திருக்கிறார். அன்று இரவு உணவுக்குப் பிறகு வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனையோ கீறல் பாத்திருக்கேன் வெங்கட்டு. இதைப் பாத்ததுமே, இது நல்லதில்லேன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் பார்வை தப்பவில்லை. ஆபரேஷன் நடந்தது, தொடர்ந்து வாரக்கணக்கில் ரேடியேஷன். நோயைப் பொறுத்தவரை டாக்டர்கள் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள், சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று. நாக்கைப் பற்றித்தான் யாரும் உறுதி சொல்லவில்லை. ருசி திரும்பி வர மாதங்கள் ஆகலாம். சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராமலே போகலாம். காரம் இனிமேல் தாங்குமா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அந்த நாட்களில் அக்காவுக்கு எதை வைத்தாலும் எரிந்தது. இட்லி எரிந்தது. ரசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தக்காளியின் புளிப்பு பட்டாலே கண்ணை மூடிக்கொண்டு கையை உதறுவார். சேனாபதி வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு ஒன்றை வாங்கிவந்து, புவெர்த்தோயானோவுக்கு ஃபோன் போட்டார். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் காய்கறிப் பெயரும் வணக்கமும் சில்லறை வார்த்தைகளும்தான். 'மனைவி', 'வாய்', 'கெட்டுப்போச்சு' என்று மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நிலைமையை விளக்கிவிட்டு, தக்காளி இல்லாமல் பிஸ்தோ செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் என்கார்னா அம்மாள் அழுதுவிட்டாராம். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, தக்காளியை விட்டுவிடு, குடைமிளகாயையும் விடு, சுக்கினியை அதிகமாகப் போட்டு வெண்ணெய் மாதிரி வேகவை என்று சொன்னாராம்.

"அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. சாப்புடறவங்க வாய்க்குத்தான் சட்டி, சட்டிக்காக வாய் இல்லேன்னு. எனக்கு அப்படித்தான் புரிஞ்சுதுங்க," என்றார் சேனாபதி.

கடுகுக்கும் இது பொருந்துமா என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கிற நேரமாக அது இல்லை.

சனிக்கிழமை மட்டும் நடந்த சமையல் தினசரி ஆயிற்று. வேலைக்குப் போகும் முன்பே எழுந்து சுக்கினியும் வெங்காயமும் வதக்கி, கீரை கடையும் மத்தை எடுத்து வழுவழுவென்று கடைந்து, ஆறவைத்து வைத்துவிட்டுப் போவார். ஸ்பெயின் பண்டம் கொங்கு நாட்டு மத்தில் கடையப்பட்டது உலகத்திலேயே இந்த ஒரு வீட்டில்தான் இருக்கும். அக்கா கரண்டி கரண்டியாக, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டார். மாசி, பங்குனி வாக்கில் தக்காளி மெதுவாகச் சட்டிக்குத் திரும்பியது. முதலில் அரைத் தக்காளி. பிறகு ஒன்று. அதற்கப்புறம் குடைமிளகாய்.

மகிழ்ச்சியாக இருக்க வேண்டியதுதானே? ஒரு நாள் காலை, காரை எடுக்காமல் டிரைவ்வேயில் நின்றுகொண்டிருந்தார். என்ன சார் என்றேன்.

"அவ திட்டறதே இல்லீங்க வெங்கட்டு. வெச்சதைச் சாப்புடறா. நல்லா இருக்குதுங்கறா. இந்தச் சட்டிய ஒரு நாளும் நல்லா இருக்குதுன்னு சொன்னவ இல்ல. வாய்க்கு ஒண்ணும் தெரியலீங்க அவளுக்கு. மனசு கோணக்கூடாதுன்னு சொல்றா."

வேறு எந்தக் கணவனும், மனைவி தன் சமையலைத் திட்டவில்லையே என்று கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று அவர் ஃப்ரீவேயில் வழக்கத்தை விட மெதுவாகப் போனார்.

அந்த வீட்டில் கடுகு வெடித்து அதற்குள் பல மாதங்கள் ஆகியிருந்தன. கறிவேப்பிலைச் செடியில் இலை கிள்ள ஆளில்லாமல், அது டின்னை மறைத்துப் புதராக வளர்ந்துவிட்டது. ஒருமுறை நான் போனபோது சேனாபதி ஸ்டூலில் ஏறி ஸ்மோக் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது. "பேட்டரி இருக்குதான்னு பாத்தேன்," என்று இறங்கினார். தாளிப்புக் கரண்டியை மட்டும் அவர் உள்ளே எடுத்து வைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பாத்திரங்களோடு அதையும் கழுவி, துடைத்து, அடுப்பின் பின்வரிசையில் வைப்பார். அது அழுக்காகவே ஆகவில்லையே என்றால், "இருந்துட்டுப் போகுதுங்க, தூசி படியுமில்ல?" என்பார்.

இதோ, இந்தச் சனிக்கிழமை, பிஸ்தோ இறங்கிவிட்டது. கடைசியாக ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டியை மேசைக்குக் கொண்டுவருகிறார். ஆஸ்டினில் படிக்கும் பிரீத்தி கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறார். உடம்பு பாதியாகிவிட்டது, கம்மல் மட்டும் பழையபடி பெரியதாகத் தெரிகிறது. எனக்கும் ஒரு தட்டு வருகிறது. மறுத்தால் விருந்தாளிக்கான மரியாதை, அவர்கள் பாஷையில் ஒறம்பரை மரியாதை, கெட்டுவிடும்.

அக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைக்கிறார். மெல்கிறார். இன்னொரு கரண்டி. சேனாபதி தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது வரப்போகும் "நல்லா இருக்குது"வைக் காதில் வாங்கிக்கொள்ள விருப்பமில்லாத மாதிரி.

அக்கா கரண்டியைத் தட்டில் வைக்கிறார்.

"ஏனுங்க."

"ம்?"

"என்னங்க இது, இப்படிச் சப்புன்னு இருக்குது?"

சேனாபதி நிமிர்கிறார். வாயில் இருப்பதை விழுங்கவில்லை.

"சர்க்கரை வேற ஒரு சிட்டிகை கூட விழுந்திருச்சாட்ட இருக்குது. தித்திப்புத் தூக்கலா நிக்குது. இத்தனை வருசமா இதையே கிண்டிக்கிட்டிருக்கீங்க, ஒரு மொளகா கிள்ளிப் போட்டாத்தான் என்ன, அந்தம்மா கேஸ் போட்டுருவாங்களா?"

"வாட் டிட் யூ ஸே, மாம்?" என்று பிரீத்தி ஹெட்ஃபோனைக் கழற்றுகிறாள்.

அக்கா அதற்குள் எழுந்துவிட்டார். கொல்லைக் கதவைத் திறந்து, அந்தப் புதரிலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருகிறார். பின்வரிசைக் கரண்டி முன்வரிசைக்கு வருகிறது. எண்ணெய். கடுகு. எண்ணெய் காய்வதற்குள் மிளகாய் டப்பாவைத் திறந்து, கை நிறைய அள்ளி, ஒரு கணம் நிதானித்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் எடுக்கிறார். அதையும் இரண்டாகக் கிள்ளி, விதையைத் தட்டுகிறார். பள்ளிபாளையத்துப் பெண் பயந்து பயந்து எடுத்த மிளகாய் அது.

கடுகு வெடிக்கிறது. சேனாபதியின் இரண்டு கைகளும் தாமாகவே போய் மூடியை எடுத்துச் சட்டியை மூடிவிட்டன. பழக்கம்தான், அவர் யோசிக்கக்கூட இல்லை. எண்ணெயில் மிளகாய் விழுந்து கமறுகிறது. தலைக்கு மேலே ஸ்மோக் அலாரம், இத்தனை மாத ஓய்வுக்கும் சேர்த்து, வீட்டைப் பிளக்கிறது.

"அப்பா, தி அலாரம்! ஃபேன் பண்ணுங்க!" என்று பிரீத்தி காதைப் பொத்திக்கொள்கிறாள். யாரும் ஸ்டூலில் ஏறவில்லை.

அக்கா உடன்படிக்கைப்படியே நடக்கிறார். தாளிப்பில் கொஞ்சத்தைத் தன் கிண்ணத்தில் மட்டும் ஊற்றி, கலந்து, கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைக்கிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். கண்ணோரத்திலிருந்து நீர் வழிகிறது. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. சேனாபதி எழுந்து, டார்ச்சை எடுத்து, "எங்க, ஆ காட்டு, ஆ காட்டு," என்று பதறுகிறார்.

"லைட்ட உள்ள வைங்க," என்கிறார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "எரியத்தான் செய்யுது." விழுங்குகிறார். "நொம்ப நல்லா இருக்குதுங்க."

இன்னொரு கரண்டி எடுக்கிறார். இந்த முறை அதில் கடுகும் ஒரு கறிவேப்பிலையும் இருக்கின்றன.

அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருக்கிறது. தாளிப்புக் கரண்டியின் அடியில் கொஞ்சம் எண்ணெயும், நாலைந்து கடுகும், அந்த மிளகாயின் மறுபாதியும் மிச்சம் இருக்கின்றன. அக்கா அதைக் கழுவப் போட எடுக்கிறார். சேனாபதி டார்ச்சைப் பையில் வைக்கிறார். சட்டியின் மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அக்கா கையிலிருக்கும் தாளிப்புக் கரண்டிக்குக் கீழே நீட்டுகிறார்.